பதில் வந்தது, இன்ஜின் சூடாகவில்லை

சனிக்கிழமை இரவு 9:40. சிங்கப்பூரில், ஈசூன் வீட்டில் மின்விசிறி முழு வேகத்தில் ஓடியும் வியர்த்துக்கொண்டிருந்தது. கைத்தொலைபேசியில் அத்தான். அமெரிக்காவின் மினசோட்டாவில் அப்போது சனிக்கிழமை காலை 7:40. குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் 14 மணி நேர வித்தியாசம்.

"மாப்ளே, நேத்து ராத்திரி மெசேஜ் போட்டேன். 'ஆன்'னு உடனே பதில் வந்துச்சு. இப்ப வந்து தொட்டுப் பார்த்தா இன்ஜின் கல்லு மாதிரி சில்லுன்னு கிடக்கு."

2025 ஜனவரியில் வந்த அழைப்பு அது. அத்தானின் சிறு விமானத்தின் இன்ஜினைப் பறப்பதற்கு முன் சூடாக்க ஒரு ஹீட்டர் உண்டு. குறுஞ்செய்தி அனுப்பினால் அந்த ஹீட்டரைப் போடும் சுவிட்ச் ஒன்றை விமானக் கொட்டகையில் வைத்திருக்கிறார். அதில் தொடங்கிய வேலை முடிய ஏழு வாரம் ஆனது. ஒரே கோளாறு என்று நினைத்துத்தான் இறங்கினேன். தோண்டத் தோண்ட மூன்று வந்தன. அதில் ஒன்று, முதல் கோளாறை நாங்கள் சரிசெய்த விதத்தால் பிறந்தது. எங்கோ தொலைவில் இருக்கும் ஒரு சாதனத்தைக் குறுஞ்செய்தியால் இயக்குபவர்கள் யாராக இருந்தாலும் இது உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். விமானம்தான் வேண்டும் என்றில்லை. பட்டுக்கோட்டைப் பக்கம் வயலில் இருக்கும் மோட்டாரை வீட்டிலிருந்தே போடுவதற்கு சிம் கார்டு ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறார்களே, அதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான்.

அத்தான் என் அக்காவின் கணவர். அங்கே போய் இருபது வருடம் ஆகிறது. தனியார் விமானி உரிமம் எடுத்து, பழைய செஸ்னா 172 ஒன்றை இன்னொருவரோடு பங்கு போட்டு வாங்கியிருக்கிறார். வீட்டிலிருந்து நாற்பது நிமிடம் காரில் போனால் ஒரு சிறிய விமானத்தளம். அங்கே வாடகைக்கு எடுத்த தகரக் கொட்டகைக்குள் விமானம் நிற்கிறது. கொட்டகைக்கு வெப்பமூட்டும் வசதி கிடையாது. 120 வோல்ட் மின்சாரம் மட்டும் உண்டு. நான் சிங்கப்பூரில் மின்தூக்கிகளின் தொலைக்கண்காணிப்புக் கருவிகளைப் பராமரிக்கும் தொழில்நுட்பர். சிம் கார்டு, மோடம், மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே, ஆன்டெனா இவைதான் என் அன்றாடப் பிழைப்பு. அதனால்தான் அத்தான் என்னைக் கூப்பிட்டார்.

முன்சூடு எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் வெயிலில் இதை யாரும் யோசிப்பதே இல்லை. ஈசூனுக்குப் பக்கத்தில் சிலேத்தார் விமான நிலையத்தில் சிறு விமானங்கள் தினமும் ஏறி இறங்குகின்றன. அங்கே எந்த விமானிக்கும் இந்தக் கவலை கிடையாது. மினசோட்டாவில் ஜனவரி இரவுகள் மைனஸ் 20, 25 டிகிரிக்குச் சாதாரணமாகப் போகும். அந்தக் குளிரில் இன்ஜின் எண்ணெய் தேன் மாதிரி கெட்டியாகிவிடும். ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் இன்ஜின் ஒருவேளை பிடித்துக்கொள்ளலாம். ஆனால் எண்ணெய் போய்ச் சேரவேண்டிய இடங்களுக்குச் சேர நேரமாகும். அதுவரை உலோகத்தோடு உலோகம் உரசும்.

எண்ணெய் பாதிக் கதைதான். இன்ஜின் உறை அலுமினியம், உள்ளே சுழலும் கிராங்க் தண்டு எஃகு. குளிரில் அலுமினியம் எஃகைவிடச் சுமார் இரண்டு மடங்கு சுருங்கும். அதனால் தண்டைத் தாங்கும் பேரிங்குகளில் இருக்கவேண்டிய நூலிழை இடைவெளி இன்னும் குறைந்துவிடுகிறது. அதோடு பெட்ரோல் சரியாக ஆவியாகாது. ஒன்றிரண்டு முறை பற்றி நின்றுவிட்டால், எரிந்ததில் உண்டான நீராவி ஸ்பார்க் பிளக் முனையில் பனியாக உறைந்துவிடும். அப்புறம் எவ்வளவு சுழற்றினாலும் பொறி வராது. இன்ஜினைத் தயாரித்த லைகமிங் நிறுவனம், பெரும்பாலான மாடல்களுக்கு மைனஸ் 12 டிகிரிக்குக் கீழே போனால் முன்சூடு தேவை என்கிறது. இன்னொரு பெரிய தயாரிப்பாளரான கான்டினென்டல் மைனஸ் 7 டிகிரியிலேயே கேட்கிறது. அமெரிக்காவில் ஃபாரன்ஹீட் கணக்கு என்பதால் அத்தான் "பத்து டிகிரிக்குக் கீழே" என்பார். அது நம் கணக்கில் மைனஸ் 12. அவர் "மைனஸ் பத்து" என்றால் நமக்கு மைனஸ் 23. முதல் இரண்டு நாள் இந்தக் கணக்கு புரியாமல் நான் குறித்து வைத்ததெல்லாம் தப்பு. பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எந்த அளவு என்று எழுதத் தொடங்கினேன்.

அப்படியானால் ஹீட்டரை எப்போதும் ஓடவிட்டால் என்ன? நானும் இதைத்தான் முதலில் கேட்டேன். எண்ணெய்த் தொட்டியை மட்டும் வாரக்கணக்கில் வெதுவெதுப்பாக வைத்திருந்தால், எண்ணெயில் கலந்திருக்கும் ஈரம் ஆவியாகி மேலே போய், குளிர்ந்த பாகங்களில் வேர்வை போலப் படியும். லைகமிங்கில் வால்வுகளை இயக்கும் கேம் தண்டு மேல்பகுதியில் இருக்கிறது. ஈரம் அங்கே படிந்து துருப்பிடித்தால் இன்ஜினைப் பிரிக்கிற செலவு. சிலிண்டர்களையும் சேர்த்துச் சூடாக்கி, மேலே போர்வை போர்த்தி எப்போதும் ஓடவிடுபவர்களும் இருக்கிறார்கள். அத்தானுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. பறப்பதற்கு ஐந்தாறு மணி நேரம் முன்பு போட்டால் போதும் என்பது அவர் கொள்கை. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. வெறும் டைமர் போட்டால் சரிவராது. பறப்பதா வேண்டாமா என்பதை வானிலை முடிவு செய்கிறது. முந்தின இரவு பத்து மணிக்குத்தான் அது தெரியும். ஆகவேதான் செல்பேசிச் சுவிட்ச்.

அவரிடம் முதலில் இருந்தது 3ஜி கருவி. அமெரிக்காவில் அவர் பயன்படுத்திய நிறுவனம் 2022 பிப்ரவரியில் 3ஜியை நிறுத்தியது. அன்றோடு அது பேசுவதை விட்டது. இது எனக்குப் பழக்கமான சாவு. சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் 2ஜி மூடப்பட்டபோது எங்கள் குழு எத்தனையோ மோடங்களை மாற்றியது. இதில் கோளாறு தேடுவதற்கு ஒன்றும் இல்லை. பழைய கருவி திடீரென்று ஊமையானால் முதலில் அந்தத் தலைமுறை அலைவரிசை உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதாக சிம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கோடை முழுக்க யாரும் குறுஞ்செய்தி அனுப்பாததால் முன்பணச் சிம் காலாவதியாகியிருக்கும். அந்தக் கருவி போனதும் அத்தான் 4ஜி கருவி ஒன்று வாங்கினார்.

இப்போது அந்த சனிக்கிழமைக்கு வருகிறேன். கருவி 'ஆன்' என்கிறது, இன்ஜின் குளிர்ந்திருக்கிறது.

நான் கேட்ட முதல் கேள்வி, "அத்தான், அந்த 'ஆன்' என்ற பதில் எதைப் பார்த்துச் சொல்லுது?" கருவியின் உள்ளே இருக்கும் சில்லு, ரிலேவுக்கு இணை என்று கட்டளை கொடுத்துவிட்டு உடனே பதில் அனுப்பிவிடுகிறது. ரிலே இணைந்ததா, மின்சாரம் போனதா, ஹீட்டர் சூடானதா என்று அது பார்க்கவே இல்லை. அந்தப் பதிலுக்கு "உங்கள் கட்டளை எனக்குக் கிடைத்தது" என்பதற்கு மேல் ஒரு பொருளும் கிடையாது.

சரி, ரிலேவைப் பார்ப்போம். கருவியின் வெளிவரும் முனையில் ஒரு மேசை விளக்கைச் செருகச் சொன்னேன். எரிந்தது. அப்படியானால் கோளாறு அதற்குப் பிறகு. அங்கிருந்து ஹீட்டர் வரை ஒரு நீட்டிப்பு வயர். அதன் தலையில் தடித்த ஒரு பெட்டி, இரண்டு பொத்தான்களோடு. வீடியோவில் காட்டினார். அது கசிவுத் தடுப்பான், மின்சாரம் எங்காவது கசிந்தால் உடனே துண்டித்துவிடுவது. நம் வீட்டு மின்பெட்டியில் இருக்கும் கசிவு முறிப்பானின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்முடையது வழக்கமாக 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழும், அதாவது துண்டித்துக்கொள்ளும். அவர்களுடையது சுமார் 5 மில்லி ஆம்பியரிலேயே விழும். தரையில் பனி உருகிய தண்ணீர் கிடக்கும், அதனால் ஈரத்தில் கசிந்து விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். பிளக்கைத் துடைத்து, தரையிலிருந்து தூக்கிக் கட்டி, பொத்தானை அழுத்தச் சொன்னேன். ஹீட்டர் சூடானது. இருவருக்கும் நிம்மதி.

அடுத்த வாரமும் அதே கதை. பதில் 'ஆன்', இன்ஜின் சில்லென்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தேன். நம் வீட்டில் மின்தடை வந்து போனால் கசிவு முறிப்பான் அப்படியே மேலே நிற்கும், மின்சாரம் வந்ததும் எல்லாம் ஓடும். என் மூளை அந்தப் பழக்கத்திலேயே இருந்தது. ஆனால் வயரோடு வரும் கசிவுத் தடுப்பான்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, மின்சாரம் போய்த் திரும்பினால் தானாகவே சேர்ந்துகொள்ளும். மற்றொன்று, மின்சாரம் ஒருமுறை போனாலே துண்டித்துக்கொண்டு, ஒருவர் வந்து பொத்தானை அழுத்தும்வரை சும்மா இருக்கும். கட்டுமான இடங்களில் இதைப் பாதுகாப்புக்காகவே வைக்கிறார்கள். மின்சாரம் திரும்பும்போது அறுவை இயந்திரம் தானாக ஓடிவிடக்கூடாது அல்லவா? அத்தானிடம் இருந்தது இந்த ரகம். நம் சுவிட்ச் செய்வதே மின்சாரத்தைத் துண்டித்துத் திரும்பக் கொடுப்பதுதான். ஒவ்வொரு முறை 'ஆஃப்' சொல்லும்போதும் தடுப்பான் விழுகிறது. அடுத்த 'ஆன்'னில் அது எழுவதில்லை. ஈரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவர் நேரில் போய்ப் பார்க்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்திவிட்டுச் சோதித்ததால் ஒவ்வொரு முறையும் வேலை செய்தது.

தொலைசுவிட்ச் வைத்திருப்பவர்கள் இன்றே பார்க்கவேண்டியது இது. சுவிட்சுக்கும் சாதனத்துக்கும் நடுவில், மின்சாரம் போனால் கைப்பட எழுப்பவேண்டிய எதுவும் இருக்கக்கூடாது. கசிவுத் தடுப்பானை எடுத்துவிடாதீர்கள். ஈரத் தரையும் உலோக விமானமும் சேர்ந்த இடத்தில் அது உயிர்காப்பு. சுவிட்சுக்கு முன்னால், சுவர் முனையிலேயே வையுங்கள், அல்லது தானாகச் சேரும் ரகத்துக்கு மாறுங்கள். அத்தான் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை வைத்துக் கொட்டகையின் பின்சுவரில் தடுப்பான் உள்ள முனை ஒன்றைப் போட்டுக்கொண்டார். சுவிட்சும் பின்சுவருக்குப் போனது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை கருவி பதிலே அனுப்பவில்லை.

இப்போது என் மனம் குளிரின் மேல் போனது. அன்று அங்கே மைனஸ் 26. கருவிக்கு மின்சாரம் கொடுக்கும் மலிவான மின்மாற்றிகளில் (அடாப்டர்) இருக்கும் மின்தேக்கிகள் கடுங்குளிரில் சோர்ந்துவிடும், மோடம் அலைபரப்பும் நொடியில் தேவைப்படும் மின்னோட்டத்தைக் கொடுக்க முடியாமல் கருவி மறுபடி மறுபடி தொடங்கும். நான் முன்பு பார்த்திருக்கிறேன். அதனால் அதே கருவி ஒன்றை வாங்கி இங்கே சோதிக்க முடிவு செய்தேன். இதில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவுக்கென்று விற்கும் மோடம் அங்குள்ள 700, 1700, 1900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளுக்கானது. இங்கே 4ஜி பெரும்பாலும் 900, 1800, 2600. அத்தான் அனுப்பிய கருவி என் வீட்டில் இரண்டு நாள் சிக்னல் தேடிக்கொண்டே இருந்தது. உலக மாடல் ஒன்றை வரவழைத்த பிறகுதான் வேலை நகர்ந்தது.

வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 வரை போகும். மனைவியிடம் சொல்லி, நெத்திலிப் பொட்டலங்களையும் தேங்காய்ப்பால் பாக்கெட்டுகளையும் ஒரு பக்கம் ஒதுக்கி, கருவியை பிளாஸ்டிக் பைக்குள் போட்டு உள்ளே வைத்தேன். மெல்லிய வயரைக் கதவு ரப்பர் இடுக்கில் வெளியே கொண்டுவந்தேன். 'நிலை' என்று குறுஞ்செய்தி அனுப்பினால் அது சிக்னல் எண்ணைச் சொல்லும். பூஜ்யத்திலிருந்து 31 வரை அளவு. ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு டெசிபெல், சிக்னல் வலிமையை ஒப்பிடும் அலகு அது. சாப்பாட்டு மேசையில் 22 இருந்தது. ஃப்ரீசர் கதவைச் சாத்திய இரண்டாவது நிமிடத்தில் 11.

கருவி இன்னும் குளிரவே இல்லை. கையில் எடுத்தால் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அப்படியானால் இது குளிரின் வேலை இல்லை. நான்கு பக்கமும் தகடு மூடியதால் சிக்னல் 22 டெசிபெல் விழுந்திருக்கிறது. ஆன்டெனாவை மட்டும் வெளியே எடுத்துவிட்டுக் கருவியை உள்ளேயே இரவு முழுக்க விட்டேன். காலையில் மைனஸ் 18-ல் கச்சிதமாகப் பதில் சொன்னது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றியிருந்தால், குளிர்தான் காரணம் என்று நினைத்து அத்தானுக்குப் புது மின்மாற்றி வாங்கச் சொல்லியிருப்பேன்.

அத்தானுடைய கொட்டகை ஒரு பெரிய ஃப்ரீசர்தான். அங்கே எவ்வளவு சிக்னல் என்று கேட்டேன். "பதினாலு காட்டுது. நல்லாத்தானே இருக்கு" என்றார். "எங்கே நின்னுகிட்டு அனுப்புறீங்க?" "உள்ளேதான். கருவிக்குப் பக்கத்துலதான்."

அடுத்த சனிக்கிழமை வீடியோ அழைப்பில் வரச் சொன்னேன். எனக்கு இரவு, காப்பிக்கடையில் ஒரு தே ஓ (பாலில்லாத் தேநீர்) முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் காரிலிருந்து இறங்கினார். மூச்சு வெண்புகையாக வந்தது. கையுறையோடு கதவுத் தாழ்ப்பாளைத் தள்ளினார். பெரிய தகரக் கதவு கிரீச்சிட்டு விலகியது. உள்ளே இருட்டு, போர்வை போர்த்திய விமான மூக்கு, பின்சுவரில் ஒரு சிறிய பச்சை விளக்கு வேகவேகமாக மின்னிக்கொண்டிருந்தது. அந்தக் கருவியில் வேகமாக மின்னினால் அலைவரிசையைத் தேடுகிறது என்று பொருள், மெதுவாக மின்னினால் சேர்ந்துவிட்டது என்று பொருள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அரை நிமிடம் இருக்கும். மின்னுவது மெதுவானது. இன்னும் சில விநாடி. "டக்."

"கேட்டீங்களா அத்தான்?"

"ரிலே. நான் ஒண்ணும் அனுப்பலையே!"

"நேத்து ராத்திரி அனுப்பினது இப்பத்தான் வந்து சேருது. கதவைச் சாத்துங்க."

சாத்தினார். கதவு முட்டிய சத்தத்தோடு வீடியோ உறைந்தது, பிறகு அழைப்பே துண்டித்தது. நான்கு நிமிடம் கழித்து அவரே திரும்ப அழைத்தார். கதவைத் திறந்துவிட்டு வெளியே பனியில் நின்றுகொண்டிருந்தார். அவர் எதையும் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

சோதிக்கப் போகிறவர் கதவைத் திறந்துகொண்டுதான் போகிறார். அவர் போன உடனே கோளாறு மறைந்துவிடுகிறது. அவர் பார்த்த 14 என்பது கதவு திறந்திருக்கும்போது உள்ள எண். பழைய இடத்தில் கருவி பக்கக் கதவின் பிளாஸ்டிக் ஜன்னலுக்குக் கீழே இருந்தது, அதனால் தப்பித்துக்கொண்டிருந்தது. கசிவுத் தடுப்பானுக்காகப் பின்சுவருக்கு, அதுவும் இரும்பு அலமாரிக்குப் பின்னால் நகர்த்தியபோது சிக்னலை நாங்களே வெட்டிவிட்டோம். என் ஃப்ரீசர் கணக்குப்படி 14-லிருந்து 11 போனால் மீதி 3. அந்த அளவில் மோடம் பிடித்து நிற்பது கடினம்.

இதைவிட எனக்குக் கவலை தந்தது அந்த "டக்". குறுஞ்செய்தி சேரவேண்டிய எண் கிடைக்காவிட்டால் நிறுவனத்தின் மையம் அதை வைத்திருந்து, எண் கிடைக்கும்போது கொடுக்கும். மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில். மனிதர்களுக்கு இது வசதி, ஒரு சுவிட்சுக்கு ஆபத்து. வெள்ளி இரவு அனுப்பிய 'ஆன்', அவர் பறந்து திரும்பி, விமானத்தை உள்ளே தள்ளும்போது திறந்த கதவு வழியாக வந்து சேர்கிறது. அவர் பூட்டிவிட்டுப் போய்விடுவார். ஹீட்டர் அடுத்த வாரம்வரை, பார்ப்பாரில்லாமல் ஓடும். ஆகவே இரண்டு பாதுகாப்புகள் கட்டாயம். ஒன்று, குறுஞ்செய்தியில் பதிந்திருக்கும் அனுப்பிய நேரத்தைக் கருவி பார்த்து, பத்து நிமிடத்துக்கு மேல் பழையது என்றால் தள்ளிவிட வேண்டும். இரண்டு, 'ஆன்' ஆன எட்டு மணி நேரத்தில் யார் என்ன சொன்னாலும் தானாக அணைய வேண்டும். வாங்கும் கருவியில் இரண்டாவது இல்லை என்றால் அதை வாங்காதீர்கள்.

ஆன்டெனாவை வெளியே வைப்பது அடுத்த வேலை. இங்கே மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சிம் லிம் டவரில் எனக்குத் தெரிந்த கடையில் வாங்கி அஞ்சலில் அனுப்பினேன். வாங்கும்போது கடைக்காரப் பெரியவர் திருகு முனையை விளக்கடியில் பிடித்துக் காட்டினார். வைஃபை ஆன்டெனாவின் திருகும் மோடம் ஆன்டெனாவின் திருகும் வெளியே ஒன்றுபோலவே இருக்கும், திருகினால் இறுக்கமாக உட்காரும். ஆனால் நடு ஊசி ஒன்றில் ஆண், மற்றொன்றில் பெண். தப்பான ஜோடியில் நடுவே தொடர்பே இருக்காது. அத்தான் இதற்குள் அங்கே அவசரப்பட்டு வாங்கிய ஆன்டெனா அந்தத் தப்பான ரகம்தான். இரண்டு முனையிலும் உள்ளே எட்டிப் பாருங்கள், ஒன்றில் ஊசி, எதிரில் துளை. அது போதும். மெல்லிய ஆன்டெனா வயர் மீட்டருக்கு ஒரு டெசிபெல்லுக்கும் மேல் தின்னும். எனவே பத்து மீட்டர் வயர் வாங்குவதைவிடக் கருவியை வெளிச்சுவருக்குப் பக்கத்தில் வைத்து மூன்று மீட்டரோடு முடிப்பது நல்லது. அப்படியே செய்தோம். கதவு சாத்தியிருக்கும்போது 17.

மூன்றாவது கோளாறு சிறியது. சிம்மில் குறுஞ்செய்தி வைக்க முப்பதோ நாற்பதோ இடம்தான் இருக்கும். நிறுவனம் அனுப்பும் விளம்பரங்கள் அதை நிரப்பிவிட்டால் புதுச் செய்தி உள்ளே வராது. கருவி மறுபடி ஊமையாகும். படித்தவுடன் அழித்துவிடும்படி கருவியின் நிரலில் ஒரு வரி சேர்த்தேன்.

கடைசியாக, அந்த 'ஆன்' என்ற பதிலையே மாற்றினேன். எனக்கு வேண்டியது ரிலேவின் நிலை இல்லை, இன்ஜினின் சூடு. ஹீட்டருக்குப் போகும் வயரில் மின்னோட்டம் அளக்கும் வளையம் ஒன்று. ஹீட்டர் 500 வாட், 120 வோல்ட்டில் 4.2 ஆம்பியர் அளவுக்கு வரவேண்டும். பூஜ்யம் என்றால் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. பாதி என்றால் ஹீட்டர் தகடுகளில் சில போய்விட்டன. அதோடு ஒரு வெப்ப உணரி, மூக்கின் காற்றுத் துவாரம் வழியாக உள்ளே விட்டு சிலிண்டர் துடுப்புகளுக்கு நடுவில் செருகும்படி. விமானத்தில் எதையும் நிரந்தரமாகப் பொருத்தவில்லை. அதற்கு உரிமம் பெற்ற மெக்கானிக் வேண்டும், ஹீட்டரையே அவர்தான் பொருத்தினார். உணரியின் வயரில் கைநீளச் சிவப்பு ரிப்பன் தொங்கும், பறக்கும் முன் கழற்றியாகவேண்டும் என்பதற்கு.

இதிலும் ஒரு பாடம் கிடைத்தது. முதல் சோதனையில், ஹீட்டர் போட்ட ஒரு நிமிடத்திலேயே "இன்ஜின் 85 டிகிரி" என்று செய்தி வந்தது. அக்கா பயந்துபோய் அழைத்துவிட்டார், விமானம் தீப்பிடித்ததா என்று. நாங்கள் பயன்படுத்திய டிஎஸ்18பி20 என்ற அந்த உணரி, மின்சாரம் கிடைத்தவுடன், முதல் அளவை எடுத்து முடிக்கும்வரை 85 என்ற எண்ணைத்தான் வைத்திருக்கும். அது அளந்த எண் இல்லை. அவசரமாகக் கேட்டால் அதையே கொடுத்துவிடும். வயர் அறுந்திருந்தால் வழக்கமான நிரல் மைனஸ் 127 என்று காட்டும். இந்த இரண்டு எண்களும் வந்தால் "உணரி பதில் இல்லை" என்று அனுப்பும்படி மாற்றினேன். இப்போது பதில் உடனே வருவதில்லை. கட்டளை கிடைத்து இருபது விநாடி பொறுத்து, அளந்து பார்த்துத்தான் வருகிறது. பிறகு மணிக்கு ஒருமுறை.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை, தேக்கா ஈரச்சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது என் கைத்தொலைபேசியிலும் ஒரு நகல் வந்தது. "ஆன். 4.1 ஆம்பியர். மைனஸ் 19." ஒவ்வொரு மணிக்கும் எண் ஏறியது. மைனஸ் 6. பூஜ்யத்தைத் தாண்டியது. ஐந்தாவது மணியில் 21. அப்புறம் அரை மணி நேரம் எதுவும் இல்லை, பிறகு அத்தானின் குரல், பின்னால் இன்ஜின் ஓடும் சத்தம்.

குளிர்காலம் தொடங்குமுன், அக்டோபரில் ஒருமுறை, அவர் எல்லாவற்றையும் சோதிப்பதாக ஏற்பாடு. சிம்மில் பணம் போடுவது, கசிவுத் தடுப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்துவது, பிளக் தரையில் கிடக்காமல் தொங்குகிறதா என்று பார்ப்பது. இவையெல்லாம் முடிந்த பிறகு கொட்டகைக் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு, காரில் வீட்டுக்குப் போய், அங்கிருந்து 'ஆன்' அனுப்புவார்.